கடலுக்குள் போன மனை

என் கண்ணாணை, நெஞ்சில கை வச்சுச் சொல்றேன், இதில ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய்யின்னா இந்த லிந்துலை மலை பூராவும் நான் ஒத்தை ஆளாத் தேயிலைக் கொழுந்து எடுக்கிறேன்!

ஐம்பத்தெட்டாம் வருஷம். எங்க தோட்டத்து லயத்து வரிசை வீட்டுச் செல்லசாமி, கறவை மாட்டையும் வித்து, வீடு கட்டுறதுக்குத் தொண்டிக் கடற்கரையில மனை வாங்கினான். கடுதாசியிலேயே பேசி முடிச்சது. இந்தியா அதுக்குள்ள நமக்கு வெளிநாடாப் போச்சு. பாஸ்போட்டு எடுத்து, கப்பலேறி, அவனும் பெண்டாட்டி பேச்சியம்மாவும் மனை பார்க்கப் போனாங்க. துணைக்கு நான்.

திரும்பி வந்த மறுநாளே தண்ணி பிடிக்கிற பீலியில பேச்சியம்மா குடத்தை 'டங்'குனு வச்சாள்.

"மனை வாங்கினாராம் மனை! காலையில இருக்கு, மத்தியானம் கடலுக்குள்ள போயிருது! வீடு கட்டினா மீனுதான் குடியிருக்கணும்!"

"நெசமாவாக்கா?" காளியாயி வாயைப் பிளந்தாள்.

"ஆமாடி! முளைக்குச்சி அடிச்சு, தேத்தண்ணி குடிச்சிட்டுத் திரும்பிப் பார்த்தா, குச்சி மேல நண்டு உக்காந்திருக்கு!"

லயமே சிரிச்சது. நம்பாம என்ன? எங்க மூணு பேரை விட்டா, லயத்துல கடலைக் கண்டவங்க நாலே பேரு. நாலு பேரும் கண்ணை மூடி வாந்தி எடுத்துக்கிட்டே வந்தவங்க.

பேச்சியம்மாவோட தம்பி இராமையாதான் விடலை. "மச்சான், எனக்கே குடுத்துருங்க. மண்ணு கொட்டி மேடாக்கிக்கிறேன்."

"கடலுக்கே மண்ணு கொட்டப் போறியா? ஓடுடா, வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு நேரமாச்சு!" பேச்சியம்மா விரட்டினாள்.

செல்லசாமி தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பல் விளக்கினான்.

"புருசனை இப்படியா சந்தி சிரிக்க வைப்பா, வாய்க்காரி!"னு ஒரு மாசம் அவளைத்தான் எல்லாரும் ஏசினாங்க.

நெசத்தைச் சொல்றேன், நாங்க போய்ப் பார்த்தப்ப மனையில கடலும் வரலை, நண்டும் வரலை. அருமையான மேட்டு நிலம். ஆனா நடுவுல ஒரு குடிசை. தெரேசான்னு ஒரு மீன்காரி, மூணு பிள்ளைகளோட இருந்தாள். வித்தவன் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லலை. எங்க கையில அளவுகயிறைப் பார்த்ததும், நாங்க வாயைத் திறக்கும் முன்னேயே பாயைச் சுருட்ட ஆரம்பிச்சாள். துரை 'வெளியே போ'ன்னா நம்ம ஆளுக சுருட்டுவாங்களே, அதே மாதிரி.

செல்லசாமி என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். பேச்சியம்மாதான் போய் அந்தப் பாயைப் பிடுங்கி விரிச்சு, அதிலேயே உக்காந்தாள்.

"குடிக்கத் தண்ணி குடு தாயி. நாங்க சும்மா கடல் பார்க்க வந்தவங்க."

கப்பல்ல வரும்போது செல்லசாமி முழிச்சான். "நல்ல இடம்னு தெரிஞ்சா உன் தம்பியே வாங்கி அவளைக் கிளப்பிருவானே?"

கடல் கதையை அங்கேயே கட்டிக் கொடுத்தது நான்தான். "அதை நீங்க சொன்னா எவன் நம்புவான்? நானே உங்களைத் திட்டிச் சொல்றேன், என் வாய்க்கு நம்புவாங்க"ன்னது பேச்சியம்மா.

யாரு சொன்னான்னு மட்டும் மூச்சு விட்டுராதீங்க. இராமையா இன்னும் மனை தேடிக்கிட்டிருக்கான்.