சினைக்கெண்டை

ஏரியூர்ப் பக்கம், மேட்டூர் அணைத் தண்ணீர் வந்து தேங்கும் கரையில் சாயங்கால வெயில் சாய்ந்து கிடக்கிறது. ஆடி முழுக்க யாரும் வலை போடுவதில்லை, மீன் முட்டையிடட்டும் என்று காலையில்தான் இரு கரைக்காரர்களும் கூடி முடிவெடுத்தார்கள். அதிகம் முழங்கியவர் மரியசூசை. ஆடி நாளைக்குத்தானே பிறக்கிறது என்று மத்தியானமே பரிசலை இறக்கியவரும் அவரே. இப்போது அவர் மனைவி ராயம்மாள் அரிவாள்மணையில் கெண்டையின் வயிற்றைக் கீறுகிறாள். தினை மாதிரி முட்டைகள் சட்டியில் சரிகின்றன.

"ஏனுங்க, கூட்டத்துல தொண்ட கிழியப் பேசுனது நீங்கதானுங்களே?"

"நாளையிலிருந்துன்னுதாம்புள்ள பேசுனேன்."

"இந்தப் புள்ளத்தாச்சிகிட்ட யாரும் தேதி சொல்லலையாட்டங்க."

  மரியசூசை இரு கைகளாலும் முட்டைகளை அள்ளிக்கொண்டு தண்ணீரை நோக்கி நடக்கிறார். இனி அவை பொரியா என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஒன்றுகூடச் சிந்திவிடக் கூடாதென்று அடிமேல் அடி வைத்துப் போகிறார்.