பசுமைக் கட்டடத்துக்கு வந்த விருந்தாளி

சதுப்பு நிலத்தை மண் கொட்டி மூடி, அதன்மேல் இருபது மாடிக் கண்ணாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்த தவளை ஒருத்தி, முட்டையிடக் கொஞ்சம் தண்ணீர்கூடக் கிடைக்காமல் அதன் வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, ஒண்டிக்கொள்ள இடம் கிடைக்குமா?"

விரட்டிவிடும் என்றுதான் நினைத்தாள். கட்டடமோ வாயெல்லாம் பல்லாக வரவேற்றது.

"வாம்மா, வா! நான் பசுமைக் கட்டடம். உன்னைப் போன்றவர்களுக்காகத்தானே இருக்கிறேன்! வரவேற்பறையில் அல்லித் தொட்டி இருக்கிறது, தாராளமாகத் தங்கு."

தவளைக்குக் கண் கலங்கிவிட்டது. மண் கொட்டியவர்களை அந்த நிமிடமே மன்னித்தாள். அன்றைக்கே தொட்டியில் முட்டையிட்டாள்.

மறுநாள் பசுமைக் கட்டட விருதுக் குழுவினர் வந்தார்கள். தவளையையும் முட்டைகளையும் விதவிதமாகப் படமெடுத்தார்கள். "இயற்கையோடு இணைந்து வாழும் கட்டடம்!" என்று நெகிழ்ந்துபோய், முதல் பரிசை அறிவித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

அவர்களுடைய கார் வாசலைத் தாண்டியதும், கட்டடம் தொட்டியின் அடைப்பைத் திறந்துவிட்டது. தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கியது.

"ஐயோ, என் முட்டைகள்!" என்று அலறினாள் தவளை.

"சத்தம் போடாதே, மேலே மீட்டிங் நடக்கிறது" என்றது கட்டடம். "உன் முட்டைகளுக்கு ஒரு குறையும் வராது. விருது அறிக்கையில், பதினோராம் பக்கத்தில், வண்ணப் படத்தோடு பத்திரமாக இருக்கும்."