பழைய பூட்டு

“வீட்டு விலையெல்லாம் படுத்துக் கிடக்கு. அடிச்சுப் பேசலாம், நீ வாயைத் திறக்காம இரு,” என்று கணவன் தெருவிலேயே சொல்லிவிட்டான். அவள் சும்மாவே வாய் திறக்காதவள்.

வீட்டுக்காரப் பெரியவர் அறை அறையாகக் காட்டினார். கணவன் சுவரைத் தட்டினான், குழாயைத் திருகினான், கடைசியில் வாசல் கதவுக்கு வந்தான்.

“பூட்டு லொடலொடன்னு ஆடுதே சார். குடி வந்ததும் முதல்ல இதை மாத்தணும். அதையும் கழிச்சுக்குங்க.”

“நீங்க கேட்ட விலைக்கே தர்றேன் தம்பி. பூட்டை மட்டும் மாத்தாதீங்க.”

“ஏன் சார், உள்ள புதையல் இருக்கா?”

பெரியவர் சிரிக்கவில்லை. “எட்டு வருஷம் முன்னாடி என் பொண்ணு பிடிச்சவனோட போயிட்டா. நான் கத்தின கத்துல சாவியை வச்சுட்டுப் போக மறந்துட்டா. எனக்குத் தனியா முடியல, மகன்கிட்ட போறேன். என்னைக்காவது அவ வந்தா, சாவி சேராம வாசல்ல நிக்கக் கூடாது. அவகிட்ட என் புது விலாசத்தைக் கொடுங்க, போதும்.”

கணவன் அவளை வெளியே அழைத்து வந்தான். “எவளோ சாவி வச்சிருக்கிற வீட்டை எவனாவது வாங்குவானா?”

“வாங்கலாங்க. பூட்டு அப்படியே இருக்கட்டும்.”

அவள் கை, பைக்குள் ஒரு சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது. இவனோடு வீட்டை விட்டுக் கிளம்பிய அன்று கொண்டு வந்தது. போன மாதம் இவனுக்குத் தெரியாமல் அப்பா வீட்டுக்குப் போனாள். கதவில் பளபளவென்று புதுப் பூட்டு, சாவி சேரவில்லை. உள்ளே அப்பா இருமுவது கேட்டது. கொஞ்ச நேரம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, திரும்பி வந்துவிட்டாள்.