ஐந்தால் வகுத்தால் மீட்டர்

டேப்பை மூன்றாவது முறையாக இழுத்துப் பிடித்தான்.

இரண்டு மீட்டர் தொண்ணூற்றிரண்டு.

அடியில் சொன்னால் ஒன்பதரை.

ஒரு முனையில் போன மாதம் அவன் நட்ட எல்லைக் கம்பி. மறுமுனையில், இன்று காலை பொக்லைன் மண்ணை வழித்தபோது தலைகாட்டிய பழைய கருங்கல். சர்வே குறி இன்னும் அழியவில்லை. ஏரி அந்தக் கல்லில்தான் தொடங்குகிறது. அவன் கம்பி நட்ட இடத்தில் அல்ல.

இரண்டுக்கும் நடுவில் வெறும் தரை. அடுப்பு இருந்த இடம் மட்டும் கறுத்துக் கிடந்தது.

பழைய வரைபடத்தில், சாலையோரக் கல்லிலிருந்து ஏரி வரை இரண்டாயிரத்து ஐந்நூறு லிங்க், அதாவது அளவுச் சங்கிலியின் கண்ணி, என்று இருந்தது. லிங்க்கை ஐந்தால் வகுத்தால் மீட்டர். சர்வே ஆபீசில் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் பழகிவிடும் கணக்கு. ஐந்நூறு மீட்டர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

இப்போதைய சங்கிலிக்கு அது சரி. இருபது மீட்டர், நூறு லிங்க்.

ஆனால் வரைபடம் வெள்ளைக்காரன் காலத்தது. அந்தச் சங்கிலி அறுபத்தாறு அடி. அதற்கும் நூறு லிங்க்தான். சங்கிலிக்குச் சங்கிலி பன்னிரண்டு சென்டிமீட்டர்கூட வித்தியாசம் வராது. வயல் வரப்பில் யார் கண்ணிலும் படாது.

இங்கே இருபத்தைந்து சங்கிலி தூரம்.

தெரியாது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. துறைத் தேர்வில் இதே கேள்விக்குச் சரியாக விடை எழுதியவன். சோம்பேறித்தனம். அதற்கு வேறு பெயர் கிடையாது.

கன்னியம்மாளின் வீடு ஒன்பது அடி அகலம்.

அளந்த அன்று வெயிலில் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தவள் அவள்தான். வீட்டில் எதுவரைக்கும் ஏரிக்குள் வருகிறது என்று கேட்டாள். முழுவதும் என்றான்.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாளே அவளாகவே கூரை ஓடுகளைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டாள். இயந்திரம் வந்தால் எல்லாம் நொறுங்கிவிடும், கதவும் ஜன்னலுமாவது மிஞ்சட்டும் என்று. சுவரையும் அவளே கடப்பாரை போட்டு இடித்தாளாம்.

இப்போது ரேஷன் கடைக்குப் பின்னால் தார்ப்பாய் கட்டி இருக்கிறாள்.

கணக்கைச் சரியாகப் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டான். சட்டைப்பையில் வைத்தான். சொன்னால் வேலைக்கே ஆபத்து. வீடு திரும்பி வரப்போவதும் இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுவது என்று நடந்தான்.

தார்ப்பாய்க்கு வெளியே கதவும் ஜன்னலும் சாத்தி வைக்கப்பட்டிருந்தன. கதவில் மஞ்சளும் குங்குமமும் புதிதாக இருந்தன.

அவனைக் கண்டதும் அவள் பதறி எழுந்தாள். இருந்த ஒரே நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"நானே ஆபீசுக்கு வரணும்னு இருந்தேன் சார். அன்னிக்கு நீங்க போனதும் ஆத்திரத்துல மண்ண வாரித் தூத்திட்டேன். உங்க புள்ளைங்க நல்லாவே இருக்காதுன்னு சொல்லிட்டேன். நீங்க என்னா பண்ணுவீங்க, படத்துல இருக்கறதத்தான அளந்தீங்க. ஏரியில குந்தினு இருந்தது நானு. எங்கனா பலிச்சிடப் போவுதுன்னு தெனம் சாமிகிட்ட அழுவறேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க."

கும்பிட்ட கைகளை அவள் இறக்கவில்லை.

அவன் கை சட்டைப்பைக்குப் போனது. தாள் வியர்வையில் நனைந்து ஒட்டியிருந்தது.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பரவாயில்லம்மா" என்றான்.