வழக்கொழிந்த தம்பி

மூன்று வருடம் பேசிக்கொள்ளாத உறவு தானாக ரத்தாகிவிடும் என்று சட்டம் வந்திருந்தது. அக்காள் வீட்டுக் கல்யாணப் பந்தியில் தன்னை முதலில் கூப்பிடவில்லை என்று கோபித்துக்கொண்டு போன இசக்கிமுத்துவுக்கு இன்று கெடு. ரத்தாகிவிட்டால், வெள்ளிக்கிழமை அக்காள் கோமதியின் மகளை மடியில் வைத்துக் காதுகுத்தத் தாய்மாமன் கிடையாது. இருந்தும், முதலில் பேசுபவர் தோற்றவர் என்பதால் இருவரும் உறவு அலுவலகத்தில் ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள்.

“இவ்வுறவு வழக்கொழிந்தது எனப் பதியுமுன், அச்சொல்லின் பிறப்பைக் காண்போம்,” என்று அதிகாரி எழுந்தார். இந்த உரைக்காகவே தனக்குத் தானே பொன்னாடை போர்த்திக்கொண்டு வருபவர். “வழக்கு என்றால் புழக்கம். ஒழிதல் என்றால் இல்லாமற்போதல். இனி, தொல்காப்பியர் காலத்துக்குச் செல்வோம்...”

இசக்கிமுத்து வாய் பிளந்து கொட்டாவி விட்டான்.

“ஏல, பெரிய மனுசரு பேசும்போது வாயப் பொத்துல. வளத்தவள இல்ல ஏசுவாவ,” என்றாள் கோமதி.

“நீ மட்டும் தூங்கலியாக்கா?”

இருவர் பேச்சையும் பதிந்துகொண்ட மேசைக் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. உறவு புழக்கத்தில் இருக்கிறதாம்.

“உரை இன்னும் முடியவில்லை,” என்றார் அதிகாரி.

கோமதி நீளமாக மூச்சுவிட்டு எழுந்தாள். “வெள்ளிக்கிழம பழைய வேட்டியாக் கட்டிட்டு வால. உன் மருமவ ஊசியக் கண்டா மோண்டுருவா.”