இசக்கியின் கைக்கு ஒரு லத்தீன் வாக்கியம்

இதில் ஒரு வார்த்தை பொய் என்றாலும் ஒரகடம் கூட்டுரோட்டில் நிற்கவைத்து என் மீசையை மழித்துவிடுங்கள்.

தை பிறந்தால் கவியாவுக்கு மாப்பிள்ளை பார்ப்பார்கள். அதற்குள் ‘இந்தக் கணத்தில் வாழ்’ என்று கையில் லத்தீனில் பச்சை குத்தி, அதைக் காட்டியே அவளிடம் காதலைச் சொல்லிவிட வேண்டும் என்பது அவளோடு தொழிற்சாலையில் ஒரே லைனில் வேலை பார்த்த இசக்கியின் திட்டம்.

அறையில் கூடத் தங்கியிருந்த வனமாமலை, அதே தொழிற்சாலை ஸ்டோர்ஸில் வெளிநாட்டுப் பெட்டி பிரிப்பவன். ஐரோப்பிய பாஷையெல்லாம் பெட்டி மேலே படித்தே அத்துப்படி என்பான்.

“லத்தீன்ல எழுதிக் குடுங்கண்ணே.”

“லத்தீன்னா உன்னைச் சாமியார்னு நெனச்சிருவா. இத்தாலியன் பாப்போம், பொறுடே.”

ஒரு மாதம் போனது.

“இத்தாலியன் என்னாச்சுண்ணே?”

“ஓட்டல் மெனு மாதிரி இருக்குடே. ஸ்பானிஷ் பாக்கேன்.”

ஸ்பானிஷில் காரம் கூடிவிட்டது. பிரெஞ்சில் பாதி எழுத்தை வாயால் சொல்லவே கூடாதாம், குத்திய வலிதான் மிச்சமாம். போர்ச்சுகீஸில் இறங்கியபோது தை பிறந்துவிட்டது.

மணிமங்கலம் மண்டபத்தில் கவியாவுக்குக் கல்யாணம். இசக்கி மேடையேறி மாப்பிள்ளையின் கையைப் பிடித்தான்.

“இப்பவாவது சொல்லுங்கண்ணே, எந்த பாஷைதான் நல்லாருக்கும்?”

மாலையும் கழுத்துமாக வனமாமலை யோசித்தான்.

“ருமேனியன் ஒண்ணு பாக்கி இருக்குடே.”

அந்த ஸ்டோர்ஸுக்கு வந்த பெட்டி அத்தனையும் சீனாவிலிருந்து வந்தவை.