ரெண்டு கடி பர்கர்

"இது என்ன, பன்னா பட்டனா?"

சமையலறை வாசலில் நின்றபடி கேட்டாள் நாத்தனார். ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவள் குரல் கேட்டால் வார்டே எழுந்து உட்காரும்.

"மினி சீஸ் பர்கர், அண்ணி. ரெண்டே கடிதான்" என்றாள் தம்பி மனைவி, தலை நிமிராமல்.

கொத்துக்கறியில் வெங்காயமும் மிளகுத்தூளும் போட்டுப் பிசைந்து, டப்பா மூடியால் வட்டம் வட்டமாக அழுத்திக்கொண்டிருந்தாள். கல்லில் ஏற்கெனவே ஒரு ஈடு வெந்துகொண்டிருந்தது. அதைத் திருப்பிப் போட்டு, சீஸை நாலாக வெட்டி ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துண்டு வைத்து மூடினாள்.

தம்பிக்குப் பதவி உயர்வு. சொந்தக்காரர்கள் இருபது பேர் வருகிறார்கள். இந்தப் பொடி பன்னைக் கொடுத்தா அனுப்புவது?

"தட்டெல்லாம் எங்கே?"

"தட்டு வேணாம், அண்ணி. கையில எடுத்து அப்படியே சாப்பிட்டுக்கலாம்."

"ஸ்பூன்?"

"அதுவும் வேணாம்."

"சாப்பாட்டு மேசையைக்கூட உள் ரூமுக்குத் தள்ளிட்டியே!"

"அத்தனை பாத்திரத்தையும் யார் கழுவுறது, அண்ணி?" சிரித்தாள் அவள்.

சோம்பேறித்தனத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பி முகத்துக்காக வாயை மூடிக்கொண்டாள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். கடைசியாக வாசலில் வந்து நின்றவரைப் பார்த்ததும் அவளால் நம்ப முடியவில்லை.

பெரிய அண்ணன்!

ஊர் முழுக்கப் பெயர்ப்பலகை எழுதிய மனிதர். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அதன்பின் ஒரே ஒரு பிறந்தநாள் விருந்துக்கு வந்தார். அன்று அவர் மடியில் துண்டை விரித்து, அத்தனை பேர் நடுவில் வாய்க்கு வாய் ஊட்டிவிட்டது இவள்தான். 'தங்கச்சின்னா இப்படி இருக்கணும்' என்று எல்லோரும் மெச்சினார்கள். அதற்கப்புறம் இரண்டு வருஷமாக அவர் எங்கேயும் தலைகாட்டவில்லை. உடம்பு முடியவில்லை போலும் என்று இவள் நினைத்திருந்தாள்.

"வாண்ணே! இப்படி உட்காரு. நான் ஒரு துண்டு எடுத்துட்டு வந்து..."

"அண்ணி, இதைக் கொஞ்சம் பிடிங்க!"

எங்கிருந்தோ வந்த தம்பி மனைவி, ஜூஸ் டம்ளர்கள் நிறைந்த தட்டத்தை இவள் இரண்டு கையிலும் திணித்துவிட்டாள். "எல்லாருக்கும் ஒரு சுத்து கொடுத்துடுங்களேன்."

நேரம் பார்த்து வேலை வாங்குகிறாளே! பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு சுற்று வந்தாள்.

திரும்பிப் பார்த்தபோது அண்ணன் ஜன்னலோரம் நாலு பேருக்கு நடுவே நின்றிருந்தார். இடது கையில் ஒரு பர்கர். எல்லோரும் ஒரு கையால்தான் கடித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோர் சட்டையிலும் பன் துகள். யாரோ எதையோ சொல்ல, அண்ணன் வாய் நிறைய சீஸோடு வெடித்துச் சிரித்தார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததையும்.

அவர் சிரித்துப் பார்த்து எத்தனை நாளாயிற்று! பாவம், இன்றைக்கு உடம்பு தேவலை போலிருக்கிறது.

கூட்டம் கலையும் நேரம், காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனாள். உள்ளே அண்ணன் குரல்.

"போன்ல நீ சொன்ன மாதிரியே பண்ணிட்டியேம்மா. வயிறு நிறைஞ்சுது, மனசும் நிறைஞ்சுது."

"அடுத்த மாசமும் வரணும், பெரியத்தான்."

"வர்றேன். ஆனா ஒண்ணு. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி அவ ஊட்டிவிட்டதாலதான் நான் எங்கேயும் வரதில்லைன்னு, என் தங்கச்சிக்கு மட்டும் தெரிஞ்சுடக் கூடாது. பாசத்துல செஞ்சா. தாங்க மாட்டா."

டம்ளர்களோடு அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நான் சொல்வேனா?" தம்பி மனைவி சிரிப்பது கேட்டது. "பாத்திரம் கழுவச் சோம்பேறித்தனம்னு அண்ணி என்னையே திட்டிக்கிட்டு இருக்கட்டும், பெரியத்தான்!"